இரவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?

எங்கள் பக்கம் முதியோர் இல்லத்தைப் பார்க்கப் போகிற எல்லோரும் பகலில்தான் போகிறார்கள். ஆய்வுக்கு வருகிற அலுவலர்கள் காலை பதினொரு மணிக்கு மேல் வந்து, பதிவேடுகளைப் புரட்டி, சமையல்கட்டை எட்டிப் பார்த்து, மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்கள். பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். பிறந்தநாள், திதி என்று அன்னதானம் போடுகிறவர்கள் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, தங்கள் கையால் பரிமாறிவிட்டுப் போவார்கள். இவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. இந்தக் காலத்தில் வருவதே பெரிய விஷயம். ஆனால் இத்தனை வருடம் நோயாளிகளோடு இருந்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: படுக்கையில் இருக்கும் வயதானவருக்கு வரும் கெடுதலில் பெரும்பகுதி, ராத்திரிச் சாப்பாடு முடிந்து விளக்கை அணைத்ததிலிருந்து விடிந்து காபி வரும் வரைக்குமான நேரத்தில்தான் வருகிறது. அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க யாரும் போவதில்லை. போன ஆடி மாதம் அந்த நேரத்தில் ஓர் இல்லத்துக்குள் இருக்கும்படி ஆனது. அன்று பார்த்ததை இன்னும் மனதை விட்டு இறக்கி வைக்க முடியவில்லை.

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு இப்படி ஒரு வேலை தானாகவே என்னிடம் வந்து சேர்ந்தது. எங்கள் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் துபாய், சவுதி என்று தலைமுறையாகப் போகிறார்கள். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்துப் பிள்ளைகளில் பலர் இங்கே கடல் தொழில் நொடித்த பிறகு வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடிக்கவே போயிருக்கிறார்கள். அப்பாவோ அம்மாவோ தனியாகிவிட்டால், வேறு வழியில்லாமல் இல்லத்தில் சேர்க்கிறார்கள். அப்புறம் எனக்குப் போன் வரும். "அக்கா, நீங்க ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்து உண்மையச் சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகள், கூடப் படித்தவர்களின் பிள்ளைகள். மாட்டேன் என்று சொல்ல வராது.

போனால் நான் முதலில் சமையல்கட்டுக்குப் போவதில்லை. எழுந்து நடக்க முடியாத ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே குதிகாலைத் தொட்டுப் பார்ப்பேன். அப்புறம் இடுப்பு எலும்பு, முதுகின் அடியில் வால் எலும்பு இருக்கும் இடம். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுப்பேன். அழுத்திய இடம் வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் சிவப்பு அப்படியே நின்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்திருந்தால் பெரும்பாலும் இது வராது. பதிவேட்டில் "புரட்டிப் படுக்க வைக்கப்பட்டது" என்று எத்தனை டிக் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், குதிகாலில் போட முடியாது. அடுத்து தண்ணீர். கைக்கு எட்டும் தூரத்தில் டம்ளர் இருக்கிறதா, அதைத் தூக்க அவர்களால் முடியுமா, வாய் உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. யாராவது கொடுத்தால்தான் குடிப்பார்கள். எங்கள் பக்கம் தண்ணீர் தானாகவே அளந்து செலவழிக்கிற பொருள். போர் போட்டால் உப்பு, குடிக்கிற தண்ணீர் குடக் கணக்கில் வண்டிக்காரரிடம் வாங்குவது. அதனால் இல்லத்தில் தண்ணீர் குறைவாகக் கொடுத்தால்கூட அது யார் கண்ணையும் உறுத்தாது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும்; வயதானவர்களுக்கு அது காய்ச்சலாகக்கூட வராமல், சம்பந்தமில்லாமல் பேசுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது என்று வரும். "பெருசுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று தூக்க மாத்திரை கொடுப்பார்கள். காரணம் ஒரு டம்ளர் தண்ணீராக இருந்திருக்கும்.

எடை எழுதுகிற நோட்டு இருக்கிறதா என்றும் கேட்பேன். ஒரு மாதத்தில் இருபதில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தால் சாப்பாட்டுப் பட்டியலைப் படித்துப் பயனில்லை, ஊட்டிவிட ஆள் இல்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். இன்சுலினை எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பேன். திறக்காத குப்பி குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்ததை வெளியில் வைத்தால் வெயில் படாத இடத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும். ராமநாதபுரத்துச் சித்திரை வெயிலில் ஜன்னல் திட்டில் கிடக்கும் இன்சுலின் வெறும் தண்ணீருக்குச் சமம்.

இவ்வளவும் பார்த்துத்தான் அந்த இல்லத்தை நல்ல இல்லம் என்று சொல்லியிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம், கடற்கரைச் சாலையை ஒட்டியது. இப்போதும் அது கெட்ட இல்லம் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கேமராவில் தெரிவது

அங்கே இருந்த ஒரு பெரியவரின் மகன் கத்தாரில் இருக்கிறார். பெரியவர் வாழ்நாள் முழுக்க நாட்டுப்படகில் வடகடலில் தொழில் செய்தவர். மறதி நோய் வந்து, மனைவியும் இறந்த பிறகு, மகன் இங்கே சேர்த்தார். இல்லத்தில் ஒவ்வொரு அறையிலும் கேமரா வைத்து, பிள்ளைகள் போனிலேயே பார்க்கும்படி செய்து கொடுத்திருந்தார்கள். மகனுக்கு அது பெரிய ஆறுதல். டியூட்டி முடிந்து வந்ததும் அப்பாவைத்தான் முதலில் பார்ப்பார். "அப்பா இப்பல்லாம் ராத்திரி நல்லாத் தூங்குறாருக்கா. முன்னாடி எந்திரிச்சு எந்திரிச்சு நடப்பாரு, இப்ப அசையாமப் படுத்திருக்காரு" என்று என்னிடம் ஒருமுறை சந்தோஷமாகச் சொன்னார். எனக்கும் அதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆடியில் ஒரு சாயங்காலம் இல்லத்து நிர்வாகியே எனக்குப் போன் செய்தார். ஊர்த் திருவிழாவுக்கு வேலையாட்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், ஓர் அம்மாவுக்குக் காய்ச்சல் கூடிக்கொண்டே போகிறது, ராத்திரி மட்டும் வந்து இருக்க முடியுமா சிஸ்டர் என்று கேட்டார். போனேன். காய்ச்சல்காரம்மாவுக்கு ஈரத்துணி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சித் தண்ணீர் கொடுத்து, அவர் கண் அசந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. அப்போது மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் சிறிது நேரம் ஓடி நின்றது. காற்றாடி நின்றதும் எல்லா அறைகளிலும் முனகல் கேட்க ஆரம்பித்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"கயித்த அவுத்து விடு தாயி. கச்சான் விழுந்துருச்சு, போகணும்."

போனின் வெளிச்சத்தோடு உள்ளே போனேன். பெரியவர் படுத்திருந்தார். கச்சான் என்று கடல்காற்றைச் சொல்கிறார், படகு ஞாபகத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டே போர்வையைச் சரிசெய்யப் போனவள், அவர் இரண்டு மணிக்கட்டும் பழைய கைலித் துணியைக் கிழித்துத் திரித்த நாடாவால் கட்டிலின் சட்டத்தோடு கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். பூப்போட்ட கைலி, மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு மடிப்பாக மடித்துக் கட்டியிருந்தார்கள். போர்வை மார்பு வரை இழுத்து மூடியிருந்ததால் கேமராவில் ஒன்றும் தெரிந்திருக்காது. மணிக்கட்டில் தோல் வழன்றிருந்தது. படுக்கை நனைந்திருந்தது. ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தால், வால் எலும்பு இருக்கும் இடத்தில் நான் எல்லா இல்லத்திலும் தேடிப் பார்க்கிற அந்தச் சிவப்பு, அழுத்தினாலும் மாறாமல் நின்றது. மகன் கத்தாரிலிருந்து பார்த்து நிம்மதியடைந்த தூக்கம் இதுதான்.

அவிழ்த்து விட்டேன். உட்கார வைத்ததும் முதலில் சிறுநீர் கழிக்க வேண்டும் என்றார். மறதி நோய் என்று எழுதியிருந்த அவருக்கு அது தெளிவாகவே தெரிந்திருந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இரவுப் பணியாளர் ஓடி வந்தார். பக்கத்துக் கிராமத்துப் பெண், நடுவயது. முதல் நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகாமல் இருக்கிறார். அன்றைக்குத் திருவிழாவால் ஒரே ஆள் என்று நினைத்தேன். "எப்பவுமே ராத்திரிக்கு நான் ஒருத்திதான் சிஸ்டர்" என்றார். மொத்தம் முப்பது பேருக்கு மேல், அதில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்த படுக்கை. "அந்தப் பக்கம் ஒரு அம்மாவுக்குத் துணி மாத்திக்கிட்டு இருக்கும்போது இவரு எந்திரிச்சு விழுந்துட்டா, நான் என்ன செய்யுறது? ஏற்கெனவே ரெண்டு தடவ விழப் பார்த்தாரு. அவங்க வீட்லயே எழுதிக் குடுத்திருக்காங்க சிஸ்டர், நம்மளா கட்டல." அவர் கண்ணில் பயம்தான் இருந்தது, கொடுமை இல்லை. அவர் சொன்ன கணக்கிலும் பிழையில்லை. இருக்கிற இரண்டு கையால் அந்த ராத்திரியில் முப்பது பேரையும் யாராலும் பார்க்க முடியாது.

1-0-1

விடியும் வரை பெரியவரின் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சம்மதக் கடிதமும் இருந்தது: பாதுகாப்பு கருதித் தேவைப்பட்டால் கட்டி வைக்கச் சம்மதிக்கிறேன். அதற்கு முன்னால் டாக்டரின் சீட்டு. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை, 1-0-1. நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இந்த மாத்திரையை இரண்டு வேளை கொடுக்க வேண்டியிருந்தால் இரண்டாவதை மதியத்தோடு முடிப்பதுதான் நல்லது. ராத்திரி போட்டால் சிறுநீர் நடு ராத்திரியில் முட்டும். இவருக்கு ராத்திரிச் சாப்பாட்டோடு, சரியாக ஏழு மணிக்குக் கொடுத்து, கொடுத்ததாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அதிலிருந்து தொடர்ந்து வந்ததையெல்லாம் அந்தக் கோப்பிலேயே தேதி வாரியாகப் பார்க்க முடிந்தது. மாத்திரை ஆரம்பித்த வாரத்திலிருந்து ராத்திரி எழுந்து நடக்கிறார். இருட்டில் கழிப்பறை தெரியாமல் சுவரைத் தடவிப் போகிறார், தடுமாறுகிறார். வீட்டுக்குத் தகவல் போகிறது. கடிதம் வருகிறது. கட்டுகிறார்கள். கட்டியதும் கத்துகிறார். பக்கத்துக் கட்டில்காரர்களுக்குத் தூக்கம் கெடுகிறது என்று தூக்க மாத்திரை சேர்கிறது. மயக்கத்தில் படுக்கையிலேயே போகிறது, டயப்பர் வருகிறது. டயப்பர் சீக்கிரம் நனையாமல் இருக்க நாலு மணிக்கு மேல் தண்ணீரைக் குறைக்கிறார்கள்; இது மட்டும் எழுத்தில் இல்லை, அந்தப் பெண் வாய்மொழியாகச் சொன்னது. ஈரத்திலும் அசையாமலும் கிடந்ததில் முதுகுத் தோல் சிவக்கிறது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் அந்த நேரத்துக்கு நியாயமாகப் பட்டதைத்தான் செய்திருக்கிறார். ஆய்வுக்கு வருகிறவர் ஒவ்வொரு தாளாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். எல்லாம் சேர்ந்து, முதல் நாள் நடந்து வந்த மனிதரைக் கட்டிலோடு சேர்த்துவிட்டது.

அன்று எனக்குத் தெளிவானது ஒன்றுண்டு. கட்டுவது, தூக்க மாத்திரை, டயப்பர், வெளியில் பூட்டிய கதவு என்று இல்லங்களில் நாம் தனித்தனியாகப் பார்க்கிற எல்லாமே இரவில் இல்லாத ஒரு ஆளுக்குப் பதிலாக வைக்கப்பட்டவை. அந்த ஆள் இருந்திருந்தால் இவற்றில் பாதிக்கு வேலையே இருந்திருக்காது. அதனால் இப்போதெல்லாம் எந்த இல்லத்துக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ராத்திரி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதைத்தான். "தங்கியிருப்பவர்கள்" கணக்கு எனக்கு வேண்டாம். தூங்குகிற சமையல்காரரையும் வாசலில் இருக்கும் காவலாளியையும் சேர்த்துச் சொல்வார்கள். ஒருவரைத் தூக்கி உட்கார வைக்கத் தெரிந்த, விழித்திருக்கிற ஆட்கள் எத்தனை பேர்?

ஏர்வாடி

இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு கட்டி வைப்பதைப் பற்றிப் பேசும்போது ஏர்வாடியைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியாத நேரம். தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் பிடித்த தீயில் சங்கிலியோடு கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்து போனார்கள். மொத்தம் 28 பேர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, அங்கிருந்த காப்பகங்களை அரசு மூடியது. அது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்களை ஏன் கட்டினார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். ஓடிப்போய்விடக் கூடாது, வண்டியில் அடிபட்டுவிடக் கூடாது, அடுத்தவரை அடித்துவிடக் கூடாது. கொண்டுவந்து விட்ட குடும்பங்களுக்கும் அது தெரியும். பலருக்கு அதில் சம்மதமும் இருந்தது. பாதுகாப்புக்காகத்தான் கட்டினார்கள். அந்தப் பாதுகாப்புதான் தீ வந்தபோது அவர்களைக் கொன்றது.

அதற்குப் பிறகு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுக்கிறது. கட்டுப்படுத்தியே ஆக வேண்டிய நிலையில்கூட, உடனே நேரப்போகும் ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும்தான் என்று 97-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் மனநல நிலையங்களை நினைத்து எழுதப்பட்டது. முதியோர் இல்லத்துக் கட்டிலில் பூப்போட்ட கைலித் துணியைப் பார்க்கிற யாருக்கும் அந்தச் சட்டமோ ஏர்வாடியோ நினைவுக்கு வருவதில்லை. எனக்கு அந்த ராத்திரி வந்தது. மின்சாரம் போய், இன்வெர்ட்டரும் நின்று, எங்கேயோ கொசுவர்த்தி புகைந்துகொண்டிருந்த அந்த இருட்டில், கட்டிய முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரம் பிடித்தது. இழுக்க இழுக்க இறுகும்படி போட்டிருந்தார்கள். அவர் ஒருவரைத்தான் கட்டியிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அடுத்தடுத்த அறைகளிலும் இருந்தார்கள். ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி, பின் கதவுக்குப் பூட்டு, சாவி நிர்வாகியின் வீட்டில்.

கட்டினால் விழுவது குறையும் என்பதுகூட உண்மையில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் முதியோர் இல்லங்களில் கட்டி வைப்பது சாதாரண வழக்கமாக இருந்தது. 1987-இல் வந்த சட்டம், தண்டனைக்காகவோ ஊழியர்களின் வசதிக்காகவோ யாரையும் கட்டக் கூடாது என்றது. கட்டுவது படிப்படியாக மிகவும் குறைந்துவிட்டது. பயந்தபடி எலும்பு முறிவுகள் பெருகவில்லை. கட்டப்பட்டவர்களின் தசை சில வாரங்களிலேயே வற்றிவிடும், அவிழ்க்கிற அன்று எழுந்து நிற்கவே முடியாது, அப்போது விழுந்தால் பலமாக விழுவார்கள். அதே நாட்டில் இல்லங்களின் ஆய்வு முன்கூட்டிச் சொல்லாமல்தான் நடக்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கு ஆய்வையாவது அலுவலக நேரத்துக்கு வெளியே, அதிகாலையிலோ மாலையிலோ விடுமுறை நாளிலோ தொடங்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பேச முடியாதவர்கள் இருக்கிற இல்லத்துக்குப் போகும் ஆய்வாளர்கள், ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்து, சிலரை மட்டும் கவனித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் முகம் எப்படி இருக்கிறது, ஊழியர் பக்கத்தில் வந்தாரா, வந்தவர் என்ன பேசினார் என்று குறிக்கிறார்கள். இதற்குக் கருவியோ பணமோ வேண்டாம். ஒரு நாற்காலியும் ஒரு மணி நேரமும் போதும். நம் ஊரில் 14567 என்று முதியோர் உதவி எண் இருக்கிறது. நல்ல ஏற்பாடு, எல்லோரும் போனில் பதிந்து வைக்க வேண்டும். ஆனால் கை கட்டப்பட்டவர் அந்த எண்ணை அழுத்த முடியாது. அவருக்காக யாராவது நேரில் போய் உட்கார்ந்தால்தான் உண்டு.

மகனிடம் பேசியது

காலையில் கத்தாருக்குப் போன் செய்தேன். அப்பாவைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றதும் அதிர்ச்சியடைவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. போர்வைக்கு அடியில் எப்படி இருக்கும் என்று மட்டும் அவர் பார்த்ததில்லை. படம் அனுப்பினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அக்கா, விழுந்து இடுப்பு ஒடைஞ்சா அப்பா அதோட போயிருவாருக்கா. நான் உடனே கிளம்பி வர முடியாது. கட்டிப் போட்டாலும் உயிரோட இருக்காருல்ல."

இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த வயதானவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். அறுவைச் சிகிச்சை வார்டில் நானே பார்த்திருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் பயம் வேறு மாதிரியானது. அப்பா இறந்த செய்தி வந்தால் விமானம் கிடைக்குமா, முகம் பார்க்க முடியுமா என்பதுவரை அவர்கள் தினமும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: விழவே மாட்டார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் இப்படியே போனால் அந்தச் சிவப்பு புண்ணாகும், புண் எலும்பு வரை போகும், அதில் கிருமி சேர்ந்து ரத்தத்தில் ஏறினால் அதிலும் ஆள் போய்விடுவார், அதுவும் வலியோடு. இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. ஒன்றில் உன் அப்பா எழுந்து உட்கார்ந்து காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு இருப்பார். முடிவு உன்னுடையது, தம்பி. ஆனால் கடிதம் எழுதிக் கொடுத்தது நீ, கட்டுப்பட்டுக் கிடப்பது அவர். அவரை யாரும் கேட்கவில்லை.

அன்று மதியம் கடிதத்தை வாபஸ் வாங்கினார். டாக்டரிடம் பேசி நீர் மாத்திரையை 1-1-0 ஆக்கினோம், தூக்க மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினோம். கட்டிலின் காலை அறுத்து உயரத்தைக் குறைத்தார்கள்; விழுந்தாலும் ஒரு முழ உயரத்திலிருந்துதான் விழுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் சிறுநீர்க் குடுவை, கழிப்பறை வழியில் சுவரோரமாக ஒரு சின்ன விளக்கு, பிடித்துக்கொள்ளக் குழாய். படுக்கப் போகும் முன்னும், நடு ராத்திரியிலும், அதிகாலையிலும் ஒருமுறை எழுப்பிக் கூட்டிப்போவது. இந்தக் கடைசி வேலைக்குத்தான் ஆள் வேண்டும்.

நிர்வாகியிடம் பேசும்போது அவர் மறைக்கவில்லை. மாதக் கட்டணத்தில் பாதிக் குடும்பங்கள் பாக்கி, சில பேருக்குக் கட்டணமே இல்லை, யாருமில்லாதவர்கள். இரவுக்கு இன்னொரு ஆள் என்றால் மாதம் பன்னிரண்டாயிரமாவது கொடுக்க வேண்டும், எங்கே போவது என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தோம். எல்லாக் குடும்பமும் பங்கு போட்டால் ஆளுக்கு நானூறு, ஐநூறு ரூபாய்க்குள் வருகிறது. நானே உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் செய்தேன். பெரும்பாலானோர் மறு பேச்சில்லாமல் சரி என்றார்கள். கேமராவுக்கு மாதாமாதம் அதைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. சிலர் ஏற்கெனவே கொடுப்பதே அதிகம் என்றார்கள். அவர்களின் கஷ்டத்தை எடை போட நான் யார். எப்படியோ ஆவணி பிறந்ததும் இரண்டாவது ஆள் வந்துவிட்டார், ஊரில் நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். புரட்டிப் படுக்க வைப்பது, தூக்குவது, ஊட்டும்போது நிமிர்த்தி உட்கார வைத்து, ஊட்டிய பிறகும் அரை மணி நேரம் படுக்க விடாமல் பார்ப்பது எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பின் கதவுச் சாவி இப்போது கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது.

பெரியவர் அதற்குப் பிறகு ஒருமுறை விழுந்தார். ஐப்பசி மழையில் தரை ஈரமாக இருந்த ஒரு விடியற்காலை. முழங்கையில் நல்ல அடி, நெற்றியில் வீக்கம், எலும்புக்கு ஒன்றும் இல்லை. மகன் என்னைத்தான் கூப்பிட்டுக் கோபப்பட்டார். கோபப்பட்டதில் தப்பில்லை; நான் கேட்டுக்கொண்டேன். மறுபடியும் கட்டச் சொல்லட்டுமா என்று அவரும் கேட்கவில்லை. வாசலில் மிதியடியும் வழுக்காத ரப்பர் விரிப்பும் வாங்கப் பணம் அனுப்பினார்.

ஒரு குடும்பம் மட்டும் இந்த மாற்றம் பிடிக்காமல் தங்கள் அம்மாவை வேறு இல்லத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே ராத்திரி தொந்தரவே இல்லையாம், அம்மா நன்றாகத் தூங்குகிறாராம். அந்த இல்லத்து வாசலில் எனக்கு யாரையும் தெரியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பார்வையாளர்களை விடுவதில்லை என்று போனில் சொன்னார்கள். அந்த அம்மாவின் தங்கை மகளிடம் பேசியிருக்கிறேன், அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு எட்டு மணிக்குப் போகப் போகிறேன்.